முதலில் வந்தவருக்கு முதல் கட்டில்

நாகெரா ஊராட்சிச் சத்திரத்தில் காலை ஆறு மணிக்கே பாதிக் கட்டில்கள் காலி. விளக்கைப் போட்டால் மற்றவர் தூக்கம் கெடும் என்று, நெற்றியில் மாட்டிய டார்ச் வெளிச்சத்திலேயே பை கட்டுகிறார்கள். காலணிகளை உள்ளே கொண்டுவர அனுமதியில்லை. வாசல் அலமாரியிலிருந்து எடுத்து, அங்கேயே குந்தி உட்கார்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் பிரான்ஸைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். இந்த இருட்டில் எதற்கு ஓட்டம் என்று கேட்டேன். "இன்று ராத்திரிக் கட்டிலுக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

வடக்கு ஸ்பெயினின் குறுக்கே மேற்கு நோக்கிப் போகிறது நாங்கள் நடக்கும் கமினோ யாத்திரை. நம் கடற்கரைக் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்கும் அப்போஸ்தலர் யாக்கோபுவின் கல்லறை சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா பேராலயத்தில் இருப்பதாக நம்பிக்கை. அங்கே போகும் வழிகள் பல. அதிகம் பேர் நடப்பது, நாகெரா வழியே போகும் பிரெஞ்சு வழி. பிரான்ஸின் எல்லையோர ஊரான சேன் ழான் பியே தெ போரிலிருந்து ஏறக்குறைய 780 கிலோமீட்டர். இதை ஒரே மூச்சில் நடப்பவருக்கு ஒரு மாதத்துக்கு மேல், ஒவ்வொரு இரவும் வேறு ஊரில் படுக்கை வேண்டும்.

அந்தப் படுக்கையைத் தருவது அல்பெர்கே எனும் சத்திரங்கள். தனியார் நடத்துபவற்றில் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ இடம் சொல்லி வைக்கலாம். ஊராட்சியும் பங்குக் கோவிலும் நடத்துபவற்றில் பெரும்பாலும் அந்தப் பேச்சே கிடையாது. கையில் யாத்திரிகர் அட்டை இருக்க வேண்டும். தங்கும் இடமெல்லாம் அதில் முத்திரை குத்துவார்கள். முதலில் வந்தவருக்கு முதல் கட்டில். நடந்து வருபவருக்குப் பிறகுதான் சைக்கிளில் வருபவர். உடம்பு சரியில்லாதவர் தவிர யாருக்கும் ஓர் இரவுக்கு மேல் இல்லை. காலை எட்டு மணிக்குள் காலி செய்துவிட வேண்டும். இந்த ஓரிரவு விதி கடுமையாகத் தோன்றும். ஆனால் இன்று காலை எல்லோரும் கிளம்பினால்தான் இன்று வருபவருக்கு இடம் உண்டு. முன்பதிவு செய்யும் வேலையை இந்த விதியே செய்துவிடுகிறது.

ஆகவே முன்பதிவில்லாதவர் காலையில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: இன்று எந்த ஊரில், எத்தனை மணிக்கு நிற்பது?

நாகெராவின் செம்பாறைக் குன்றை ஏறி இறங்கினால் ரியோகா மாநிலத்தின் திராட்சைத் தோட்டங்கள். செப்டம்பர் மாதம், அறுவடை தொடங்கியிருக்கிறது. ஆறு கிலோமீட்டரில் அசோஃப்ரா. இங்குள்ள ஊராட்சிச் சத்திரம் யாத்திரிகர்கள் நடுவே பேர் பெற்றது. பெரிய கூடம் கிடையாது, அறைக்கு இரண்டே கட்டில். மற்றவர் குறட்டையில் வதைபட்டவருக்கு அது சொர்க்கம். ஆனால் மணி எட்டுகூட ஆகவில்லை, கதவு திறக்க மதியமாகும். காபி குடித்துவிட்டுத் தாண்டினேன். நல்ல சத்திரம் தவறான நேரத்தில் எதிர்ப்படுவது இந்த வழியில் சாதாரணம்.

அடுத்த சிருவென்யா வேறு மாதிரி. கோல்ஃப் மைதானத்தை ஒட்டி வரிசை வரிசையாகப் புது வீடுகள், பலவற்றில் ஆளே இல்லை. இத்தனை கூரைகள் இருக்கும் இடத்தில் தங்க இடம் தேடுபவர் எல்லோரும் நிற்காமல் கடந்து போகிறார்கள்.

பதினொன்றரை மணிக்கு சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா. ஊரே ஒரு விடுதி நடத்துநரின் பெயரால் ஆனது. 1109-இல் இறந்த துறவி தொமிங்கோ, யாத்திரிகர்களுக்காக இங்கே ஓஹா ஆற்றின்மேல் பாலம் கட்டினார், சாலை போட்டார், தங்குவதற்கு விடுதி எழுப்பினார். அவர் தொடங்கிய விடுதி இருந்த இடத்தில் இன்று சொகுசு ஓட்டல் இருக்கிறது. அவர் பெயரிலான சங்கம் சற்றுத் தள்ளி யாத்திரிகர் சத்திரம் நடத்துகிறது.

பேராலயத்துக்குள், சுவரில் உயரத்தில் அமைத்த கூண்டில், உயிருள்ள சேவலும் கோழியும் இருக்கின்றன. அதன் கதையும் தங்குமிடக் கதைதான். பெற்றோருடன் ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞன் இந்த ஊர் விடுதியில் தங்குகிறான். விடுதிப் பெண் அவன்மேல் ஆசைப்படுகிறாள், அவன் மறுக்கிறான். அவள் வெள்ளிக் கோப்பையை அவன் பையில் ஒளித்துவைத்துத் திருட்டுப்பழி போட, அவனைத் தூக்கிலிடுகிறார்கள். யாத்திரை முடித்துத் திரும்பும் பெற்றோர் மகன் தூக்குமரத்திலேயே உயிரோடிருப்பதைக் கண்டு நீதிபதியிடம் ஓடுகிறார்கள். "என் தட்டிலிருக்கும் வறுத்த கோழிக்கு உயிர் இருந்தால் அவனுக்கும் இருக்கும்" என்கிறார் அவர். தட்டிலிருந்த கோழி எழுந்து கூவியது என்கிறது ஐதீகம். தங்க இடம் கொடுப்பவரை நம்புவதா வேண்டாமா என்ற பயம் யாத்திரையைப்போலவே பழையது.

சத்திர வாசலில் கதவு திறக்கும் முன்பே வரிசை. நிற்பவை பைகள்; ஆட்கள் எதிரே நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பையின் இடத்தை யாரும் மாற்றி வைப்பதில்லை. பக்கத்து மேசையில் கொரியப் பெண்கள் இருவர் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாந்தியாகோ வரைக்கும் பதிவு செய்துவிட்டார்களாம், அவசரமில்லை. "ஆனால் கால் வலித்தாலும் அந்த ஊருக்குப் போயே ஆகணும். நேற்று அழுதுகொண்டே நடந்தேன்" என்றாள் இளையவள். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அன்று காலில் கொப்புளம் இருந்திருந்தால் என் பையையும் அந்த வரிசையில் வைத்திருப்பேன். இல்லாததால் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மேலும் ஏழு கிலோமீட்டர் நடந்தேன்.

கிரான்யோன், ரியோகாவின் கடைசி ஊர். சத்திரம் சான் ஹுவான் பௌதிஸ்தா கோவில் கோபுரத்தையொட்டி இருக்கிறது. சுழல்படிக்கட்டில் ஏற வேண்டும். கட்டிலே கிடையாது. தரையில் மெத்தைப் பாய்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா, விடுமுறையில் இரண்டு வாரம் சம்பளமில்லாமல் வேலை செய்ய வந்த தன்னார்வலர். அவரும் ஒருகாலத்தில் நடந்தவர். பெயர் கேட்கும் முன் "வாங்க, முதலில் தண்ணி குடியுங்க" என்றார். கட்டணம் எவ்வளவு என்றேன். திறந்துகிடந்த மரப்பெட்டியைக் காட்டினார். முடிந்ததைப் போடலாம், தேவையிருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். காவலுக்கு ஆளில்லை.

பாய்கள் நிறைந்த பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பாய்களை நெருக்கிப் போட்டார்கள், மிஞ்சியவருக்குக் கோவிலின் பாடகர் மாடத்தில் இடம். சமையலுக்கு எல்லோரும் கை கொடுத்தோம். எனக்கு வெங்காயம். நீண்ட மேசையில் பருப்புக் கஞ்சி, ரொட்டி, சாலட். அன்றைய பெட்டிப் பணம்தான் நாளைய சாப்பாடு என்று பிறகு தெரிந்தது. நேற்று வந்தவர்கள் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

எல்லா ஊரும் கிரான்யோன் அல்ல. யாத்திரை முடித்தவருக்குத் தரும் கொம்போஸ்தேலா சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே போதும் என்பதால், சாந்தியாகோவுக்கு 115 கிலோமீட்டர் முன்னுள்ள சாரியாவில் புதுக்கூட்டம் சேர்ந்துகொள்கிறது. 1980-களின் நடுவில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர்கூடத் தேறாத சான்றிதழை 2024-இல் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் வாங்கினார்கள். கலீசியா மாநில அரசின் சத்திரங்கள் அங்கேயும் முன்பதிவு எடுப்பதில்லை. ஆனால் ஆகஸ்டில் வரிசை நீளம். பையை வண்டியில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நடப்பவர்கள் தனியார் விடுதிகளை முன்னதாகவே நிரப்பிவிடுவார்கள்.

அங்கே நடப்பவருக்கு வழியோரத்தில் பலரும் சொன்ன யோசனைகள் இவை. கையேடு குறிப்பிடும் பெரிய ஊரில் நிற்காமல், அதற்கு முன்போ பின்போ உள்ள சின்ன ஊரில் நில்லுங்கள். கூட்டம் கையேட்டைப் பார்த்தே நடக்கிறது. இரண்டு மணிக்குள் கதவைத் தட்டுங்கள். இன்னும் ஐந்து கிலோமீட்டருக்கான தெம்பை எப்போதும் மிச்சம் வையுங்கள். இடமில்லை என்றால் ஊர் மதுக்கடையில் கேளுங்கள். யார் வீட்டில் அறை உண்டு என்பது அங்கே தெரியும். நெருக்கடி நாளில் விளையாட்டு அரங்கைத் திறந்துவிடும் ஊராட்சிகளும் உண்டு. வயதானவர், குழந்தையோடு வருபவர், உடம்பு முடியாதவர் கடைசி 100 கிலோமீட்டருக்குப் பதிவு செய்துகொள்வதில் குறையொன்றுமில்லை. மற்றவர்கள் காலையில் கால் என்ன சொல்கிறதோ அதைக் கேட்டு ஊரை முடிவு செய்யலாம். கட்டிலுக்கு வழி உண்டு.