யாருக்கு விடுமுறை?

2020ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வழிபாட்டுத் தலங்கள் அம்மாதம் முதல் தேதியிலிருந்துதான் மீண்டும் திறக்கப்பட்டிருந்தன. முகக்கவசத்தோடு பெஞ்சுக்கு இருவராக அமர்ந்து நாங்கள் பூசை கண்டோம். அன்றைய நற்செய்தி, திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமை. பொழுது சாயும் வேளையில் சந்தைவெளியில் நின்றவர்களைத் தோட்ட உரிமையாளர் கண்டு, ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கிறார்கள் அவர்கள். இப்பகுதியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மறைக்கல்வி வகுப்பில் விளக்கியும் இருக்கிறேன். சும்மா நின்றவர்கள் சோம்பலால் நிற்கவில்லை, அழைப்பார் இல்லாததால் நின்றார்கள் என்பது அன்று ஏனோ தனியாக என் மனத்தில் தைத்தது. அதன் பொருள் மறுநாள் காலைதான் விளங்கியது.

மறுநாள் திங்கட்கிழமை. செப்டம்பர் 21 முதல் 25 வரை காலாண்டு விடுமுறை, அந்த ஐந்து நாட்களும் இணையவழி வகுப்புகள் நடத்தலாகாது என்று பள்ளிக்கல்வித் துறை அறிவித்திருந்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எனும் வேறுபாடின்றி எல்லாவற்றுக்கும் பொதுவான அறிவிப்பு அது. ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் பேரன் அந்த ஐந்து நாட்களுக்காக விரல்விட்டு எண்ணிக் காத்திருந்தான். அவனுக்குப் பட்டம் செய்து தருவதாக நானும் வாக்களித்திருந்தேன். ஆனால் ஞாயிறு இரவே அவனுடைய மெட்ரிகுலேஷன் பள்ளியிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்துவிட்டது. வகுப்பு நடைபெறாதாம், "ஐயம் தீர்க்கும் நேரம்" மட்டும் நடைபெறுமாம், காலை ஒன்பதரை மணி முதல் பன்னிரண்டரை மணி வரை, வருகை குறிக்கப்படுமாம். மூன்று மணி நேரம் தீர்க்கும்படி ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி என்ன ஐயம் இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் முக்கால் மணிக்கு மேற்படலாகாது என்று அவ்வாண்டு ஜூலையிலேயே மத்திய அரசு நெறிமுறை வகுத்திருந்தது. விடுமுறை இல்லாத நாளுக்கே வரையறை அதுதான்.

எனக்குச் சினம் மூண்டது. திங்கள் காலை திண்ணையில் அமர்ந்து, அரசு ஆணைக்கு இந்நாட்டில் மதிப்பே இல்லாமற் போயிற்று என்று உரக்கவே பேசிக்கொண்டிருந்தேன். அவ்வேளையில் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்துப் பெண், பூக்கூடையுடன் வாசலில் வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி. தந்தை கொத்தனார், தாய் நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகை மொக்குப் பறிப்பவர். பள்ளி மூடியதிலிருந்து மகளும் விடியுமுன் தாயுடன் தோட்டத்துக்குப் போய்வந்தாள். கோயில்கள் திறந்ததால் பூவுக்கு மீண்டும் விலை வந்திருந்த காலம் அது. என் புலம்பலைக் கேட்ட அவள் சிரித்தாள். "எங்களுக்குத்தான் மார்ச்சு மாசத்திலேருந்து லீவாச்சே தாத்தா. இதுல தனியா அஞ்சு நாள் எதுக்கு?" என்றாள்.

அவள் குத்திக்காட்டிப் பேசவில்லை, வேடிக்கையாகவே சொன்னாள். என் வாய் மட்டும் அடைத்துப்போயிற்று.

ஒருவனுக்கு விடுமுறை மறுக்கப்பட்டது என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். விடுமுறையைத் தவிர வேறெதுவும் கொடுக்கப்படாத பிள்ளை என் எதிரில் நின்றிருந்தது. இத்தனைக்கும் இவ்விருவர் பள்ளிகளுக்கும் இடையே இருந்தது ஒரேயொரு மதிற்சுவர்தான். ஒரே கன்னியர் மடத்தின் பொறுப்பில், ஒரே வளாகத்தில், மேற்கே தமிழ்வழியில் கற்பிக்கும் அரசு உதவி பெறும் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. கிழக்கே மெட்ரிகுலேஷன் பள்ளி. ஒரே மாதா கெபி இரண்டுக்கும் பொது. பாடநூல்கூட வேறல்ல: சமச்சீர்க் கல்வி வழக்கில் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, மொழிதான் வேறு, பாடம் ஒன்றே. நூல் ஒன்றாயினும் அதைத் திறந்து வைத்துக் கற்பிப்பார் சுவரின் ஒரு பக்கம் இருந்தனர், மறுபக்கம் இல்லை.

கல்வித் தொலைக்காட்சி இல்லையா என்று வாசகர் கேட்கலாம். இருந்தது. 2020 ஜூலை நடுவிலிருந்து வகுப்புவாரியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. அவற்றுள் சில மிக நன்றாகவே அமைந்திருந்தன. நான் கணக்குப் பாடம் ஒன்றைப் பார்த்து, இப்படிக் கற்பிக்க நமக்குத் தெரியாமற் போயிற்றே என்று நாணியதும் உண்டு. ஆனால் ஒளிபரப்பு ஒரு குறித்த நேரத்தில் வரும், போய்விடும். தோட்டத்திலிருந்து திரும்பி, பூவைத் தரகரிடம் சேர்ப்பித்து, அவள் வீடு வருவதற்குள் அவளுக்குரிய பாடம் முடிந்திருக்கும். புரியவில்லை என்று சொல்லக் கையுயர்த்தினால் தொலைக்காட்சிக்கு அது தெரியாது. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி காலையில் தந்தையோடு கட்டட வேலைக்குப் போய்விடும். பள்ளி அவளுக்கு உண்மையில் கொடுத்து வந்தவை விலையில்லாப் பாடநூல்களும், சத்துணவுக்கு ஈடாக வழங்கப்பட்ட அரிசியும் பருப்பும் முட்டையுமே. அவற்றை நான் குறைவாக மதிப்பிடவில்லை. அந்த அரிசி பல வீடுகளில் உலை வைக்க உதவியது.

அன்று மாலையே மடத்துக்குப் போனேன். இரு பள்ளிகளுக்கும் தாளாளராயிருந்த சகோதரி என்னை முற்றத்து வேப்பமரத்தடியில், ஆறடி தள்ளியிட்ட நாற்காலியில் அமர்த்தினார். நான் கடுமையாகவே பேசினேன். அரசு விடுமுறை என்ற நாளில் ஒரு பக்கம் வகுப்பு; அரசு விடுமுறை என்று சொல்லாத நாளிலும் மறுபக்கம் வகுப்பில்லை; இது எந்த நீதி என்றேன்.

அவர் சினக்கவில்லை. உள்ளே சென்று கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஜூலை 17ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் கட்டணத்தில் 40 விழுக்காட்டை முன்பணமாகவும், பள்ளி திறந்தபின் 35 விழுக்காட்டையும் பெற்றுக்கொள்ளலாம் என்று ஆணையிட்டிருந்தது. அந்த 40 விழுக்காட்டைக் கட்டியவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. கட்டியவர்களோ ஒருநாள் வகுப்பு நின்றாலும், எதற்காகப் பணம் வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். வகுப்பில்லையென்றால் கட்டணமில்லை, கட்டணமில்லையென்றால் ஆசிரியர்களுக்குச் சம்பளமில்லை. கிழக்குப் பக்கத்து ஆசிரியைகள் ஏப்ரல் முதல் பாதிச் சம்பளத்தில் இருந்தனர். அவர்களுள் ஒருவர் வீட்டில் இட்டலி மாவு அரைத்து விற்றுவந்தார். மேற்குப் பக்கத்தாருக்கோ கருவூலத்திலிருந்து மாதந்தோறும் முழுச் சம்பளம். சகோதரி இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, "சார், சம்பளம் இருக்கிற இடத்துல வகுப்பு இல்ல, வகுப்பு இருக்கிற இடத்துல சம்பளம் இல்ல. நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. இன்றும் முழுமையாகத் தெரியவில்லை. இருந்தாலும், விடுமுறை நாளில் வகுப்பு நடத்தியது தவறு என்ற கருத்திலிருந்து நான் மாறவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். வகுப்புக்கு ஐயம் தீர்க்கும் நேரம் என்று வேறு பெயர் சூட்டுவது, பிள்ளைகளின் கண்முன்னே நாம் அவர்களுக்குக் கற்பிக்கும் முதற்பாடமாகிவிடும் அல்லவா? அவர் தலைகுனிந்து, அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். புதன்கிழமை முதல் அந்த வகுப்புகள் நின்றன. பேரன் பட்டம் விட்டான்.

ஆனால் திரும்பி வரும் வழியில் என்னை உறுத்தியது சகோதரியின் கணக்கன்று, என் கணக்கு. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளியில் பணியாற்றி, அதில் பதினொன்றாண்டு தலைமையாசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்பணியின் ஓய்வூதியத்தில்தான் இன்று உண்கிறேன். என் மகனை நான் எங்கே படிக்க வைத்தேன்? சுவருக்குக் கிழக்கே. பேரனையும் அங்கேயே சேர்க்கச் சொன்னேன். எம் பள்ளி நல்ல பள்ளி என்று ஊர்ப் பெற்றோரிடம் வீடுவீடாய்ப் போய்ச் சொன்ன நான், என் சொல்லை என் வீட்டில் நம்பவில்லை. என்னைப்போன்ற ஆசிரியர் பிள்ளைகளும் அலுவலர் பிள்ளைகளும் மேற்கே அமர்ந்திருந்தால், பள்ளி மூடிய இரண்டாம் வாரமே அங்கும் ஏதேனும் ஒரு வழி பிறந்திருக்கும். கேட்கத் தெரிந்தவர்களெல்லாம் கிழக்கே போய்விட்டோம். மேற்கே எஞ்சியவர்களுக்குக் கேட்கவும் நேரமில்லை.

அக்டோபரில் சகோதரி ஓர் ஏற்பாடு செய்தார். கிழக்குப் பக்கத்து ஆசிரியை இருவரும் மேற்குப் பக்கத்து ஆசிரியர் சிலரும் சேர்ந்து வாரத்துக்கு நான்கு தாள் வீதம் எளிய பயிற்சித்தாள் எழுதினார்கள். பெற்றோர் வாங்கிச்செல்லும் அரிசிப் பையிலேயே அவையும் சென்றன. எழுதித் திரும்பிய தாள்களைத் திருத்தும் பணி எனக்கும் கிடைத்தது. பூக்காரப் பெண்ணின் தாள்களில் மல்லிகைக் காம்பின் கறை இருக்கும். முதற்சில வாரங்கள் ஒழுங்காக வந்தன. பிறகு ஒன்றுவிட்டு ஒன்று, பிறகு வரவில்லை.

2021 பிப்ரவரி 8ஆம் நாள் ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. மார்ச் 22 முதல் மீண்டும் மூடியது. ஆக, ஒன்பதாம் வகுப்பு முழுமைக்கும் அவள் பள்ளியில் அமர்ந்தது ஆறே வாரம். தேர்வின்றி அனைவரும் தேர்ச்சி என்று பிப்ரவரியிலேயே அரசு அறிவித்திருந்தது; அவளும் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அடுத்துச் செப்டம்பர் முதல் நாள் பள்ளி திறந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டால் விடையில்லை.

தலைமையாசிரியையான சகோதரியும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். மே மாத ஊரடங்கில் தந்தைக்கு வேலை போய், வட்டிக்கு வாங்கிய கடன் வளர்ந்திருந்தது. தாய் மறைக்காமல் சொன்னார்: "அவ பறிக்கிற பூவுலதான் சார் வட்டி கட்டறோம்." அந்தப் பெண் கதவோரம் நின்றாள். ஏனம்மா வரவில்லை என்றதற்கு, "பாடம் எங்கேயோ போயிருச்சு தாத்தா. போய் உட்கார்ந்தா எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள். எல்லாருடைய பாடமும் அப்படித்தான் போய்விட்டது, சிரிக்க ஒருவரும் மிச்சமில்லை என்றார் சகோதரி. அதற்கு அவள் முதன்முறையாகச் சற்றே நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்று முறை போகவேண்டியிருந்தது. வின்சென்ட் தே பால் சபையார் கடனில் ஒரு பகுதியைத் தீர்க்க உதவினர். நவம்பரில் அவள் பள்ளிக்கு வந்தாள். அதற்குச் சற்று முன்னர், அக்டோபர் 27இல், அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது; தன்னார்வலர் மாலைதோறும் தெருக்களில் வகுப்பெடுத்தனர். ஆனால் அது எட்டாம் வகுப்பு வரைக்கே. பத்தாம் வகுப்புக்காரியான அவளுக்கு என் திண்ணைதான் கிடைத்தது. பேரன் அப்போது எட்டாம் வகுப்பு. பின்னமும் விகிதமும் அவளுக்கு அவன் சொல்லிக்கொடுத்தான்; தன்னினும் இரண்டு வகுப்பு மூத்தவளுக்குக் கற்பிப்பதில் அவனுக்கு இருந்த பெருமையை நான் ரசிக்க முடியாமல் ரசித்தேன்.

2022 மே மாதப் பொதுத் தேர்வில் அவள் நான்கு பாடங்களில் தேறினாள், கணக்கில் தவறினாள். ஆகஸ்டுத் துணைத்தேர்வில் அதையும் தேறினாள். பதினொன்றாம் வகுப்பில் இடம் கேட்டுப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அவளோடு நான் போனபொழுது வகுப்புகள் தொடங்கி வெகு நாட்களாகியிருந்தன. தலைமையாசிரியர் மறுப்புச் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார்.

அவ்வாண்டு அக்டோபர் முதல் வாரம் ஒருநாள் காலை எட்டு மணியிருக்கும். வாசலில் பூக்கூடையோடு வந்து நின்றாள். பள்ளிக்குப் போகவில்லையா என்று நான் திடுக்கிட்டுக் கேட்டேன். கூடையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "காலாண்டு லீவு தாத்தா" என்றாள். "எங்களுக்கும்."