கிரவல் வீதியிலே

ஆறில்லாத ஊரிலே பிறந்தவன் நான். மாரி காலத்தில் மட்டும் உயிர்பெறும் வழுக்கையாற்றையும் ஆறென்று ஒப்புக்கொண்டால், ஓராறு கண்டவன் என்று சொல்லிக்கொள்ளலாம். இருபது ஆண்டுகளாக ஓர் இந்துக் கல்லூரியிலே புவியியல் படிப்பித்து வருகிறேன். ஆற்றுப் பள்ளத்தாக்கு உருவாகும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன், வகுப்பும் தலையாட்டும். அந்தப் படத்தினுள்ளே ஒரு பகல் முழுவதும் சைக்கிளில் போகும் வாய்ப்பு 2024 ஆகஸ்ட் மாதத்திலே எனக்குக் கிடைத்தது. அதைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். ஆயினும் பேனாவை எடுத்தபின், ஆற்றைப் பார்க்கிலும் அண்ணனின் நினைவே முந்திக்கொண்டு வருகிறது.

அண்ணன் கனடா சென்று இருபத்தைந்து ஆண்டுகளாகின்றன. ரொறன்ரோ மாநகரின் ஸ்காபுறோப் பகுதியில் வீடு. அவருடைய மகன், எனக்குப் பெறாமகன், பல்கலைக்கழக மாணவன். சைக்கிள் பித்துப் பிடித்தவன். வீட்டின் கார்க் கொட்டிலிலே அவனுடைய வண்டி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. "இது கிரவல் சைக்கிள், சித்தப்பா" என்றான். கிரவல் என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரிலே கிரவல் வீதி என்றால், அரசாங்கம் தார் போட மறந்த வீதி. அங்கோ அதைத் தேடிப் போகிறார்கள்! அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா நகரிலே, 2006ஆம் ஆண்டில், கிரவல் வீதிகளிலேயே 200 மைல் ஓடும் போட்டியொன்று தொடங்கியது. இன்று அதற்கெனத் தனி வண்டி, தனி ரயர், தனிக் காலணி எல்லாம் வந்துவிட்டன.

வண்டியை நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பந்தய வண்டியைப் போல வளைந்த ஹாண்டில். ஆனால் ரயர் 40 மில்லிமீற்றர் அகலம், காற்றும் குறைவு. ரயருக்குள் ரியூப் இல்லை. பதிலாக ஒருவகைப் பாலை ஊற்றி வைத்திருக்கிறார்கள். முள் குத்தினால் அப்பால் உறைந்து துளையைத் தானே அடைத்துவிடும். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, கிழிந்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்து ஓடிய தலைமுறையைச் சேர்ந்தவனுக்கு இது மாயவித்தையாகவே தோன்றியது.

அண்ணன் கொட்டில் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை. அந்நாட்டுக்குப் போன நாள் முதல் அவர் சைக்கிளில் ஏறியதில்லை என்று அண்ணி முன்பே சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையிலே, நண்பனிடம் எனக்கும் ஒரு வண்டி இரவல் வாங்கிக்கொண்டு, பெறாமகன் என்னை எலோறா என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்றான். அங்கே கிறாண்ட் ஆறு சுண்ணக்கற் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகின்றது. இருமருங்கும் 20 மீற்றருக்கு மேல் உயர்ந்த செங்குத்துச் சுவர்கள். நம் யாழ்ப்பாணமும் சுண்ணக்கல்லின்மீதே கிடக்கின்றது. ஆனால் நம் பாறை மயோசீன் காலத்தது, இதுவோ நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. பாறைச் சுவரைத் தடவிக்கொண்டு பத்து நிமிடம் நின்றுவிட்டேன். "சித்தப்பா, வகுப்பு முடிந்ததா?" என்று பெறாமகன் கேட்டபின்பே வண்டியில் ஏறினேன்.

பாறைப் பிளவைத் தாண்டியதும் ஆறு தளர்ந்து அகன்றுவிடுகின்றது. ஏறத்தாழ 280 கிலோமீற்றர் ஓடி ஈரி ஏரியில் விழும் அந்த ஆறு, இவ்விடத்தில் அவசரம் எதுவுமின்றி வளைந்து வளைந்து செல்லும். அதன் இரு பக்கமும் நிலம் அலையலையாக எழுந்து தாழ்கின்றது. பனியாறுகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மண்ணும் கல்லும் சேர்ந்த மேடுகள் அவை. வீதியிலே பரப்பியிருக்கும் கிரவலும் அப்பனியாறுகள் அரைத்த கல்லே. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த சோளம், கோதுமை அறுத்து முடித்த அரிதாள் வயல், அதற்கப்பால் சோயா, பிறகு மீண்டும் சோளம். முற்கால நில அளவையாளர் கயிறு பிடித்தாற்போலக் கீறிய வீதிகளாதலால் அவை மேட்டையும் பள்ளத்தையும் பொருட்படுத்துவதில்லை. நேரே ஏறும், நேரே இறங்கும். வளைவது ஆறு மட்டுமே.

கிரவல் வீதிக்கு ஒரு முதுகு உண்டு. நடுவிலும் ஓரங்களிலும் உதிர்கல் குவிந்து கிடக்கும். வாகனச் சில்லுகள் போன தடங்கள் இரண்டு மட்டும் இறுகியிருக்கும். அத்தடத்தைப் பிடித்துக்கொண்டால் சுகம். மேட்டிலிருந்து இறங்குமிடங்களிலோ சலவைப் பலகை போல வரிவரியாகத் திரைந்திருக்கும். வேகமாகச் செல்லும் சில்லுகள் துள்ளித் துள்ளி விழுவதாலேயே அவ்வரிகள் உண்டாகின்றன. அத்தகைய ஓரிறக்கத்திலே என் முன்சில்லு உதிர்கல்லுக்குள் நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஹாண்டிலை இறுக்கினேன். இறுக்க இறுக்க வண்டி உதறியது. எப்படியோ ஓரத்துப் புல்லிலே போய் நின்றேன். முழங்காலில் சிராய்ப்பு. நாற்பத்தாறு வயதிலே சிராய்ப்பைவிட வெட்கமே கூடுதலாக நோகும்.

பெறாமகன் திரும்பி வந்தான். "ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காதேங்கோ, சித்தப்பா. சில்லு தன்ரை பாட்டிலை ஓடட்டும். கிட்டப் பாராமல் தூரப் பாருங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழைத் தட்டித் தடவிப் பேசும் பிள்ளை, இந்த மூன்று வசனங்களையும் மாத்திரம் மனப்பாடம் போலச் சொன்னான். "இதை யார் உனக்குச் சொல்லித் தந்தது?" என்றேன்.

"அப்பாதான். சின்ன வயதில், சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலே ஓடி ஓடிச் சொல்லித் தந்தவர்."

அதே மூன்று வசனங்களை 1996ஆம் ஆண்டில் நான் கேட்டிருக்கிறேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோரில் நாங்களும் ஒரு குடும்பம். தென்மராட்சியில் சில மாதம்; பிறகு கிளாலிக் கடல் கடந்து வன்னி. துணுக்காய்ப் பக்கத்திலே ஓலைக் கொட்டில். ஐயாவுக்கு இழுப்பு நோய். அண்ணன் உயர்தரப் பரீட்சைப் புத்தகங்களைச் சாக்கில் கட்டி முகட்டு வளையில் தொங்கவிட்டார். மறுநாள் கத்தியோடு காட்டுக்குப் போனார். இரண்டு அந்தர் விறகைச் சைக்கிளிலே கட்டி, வவுனிக்குளத்துக் கட்டோரமாகச் சிவந்த கிரவல் வீதியால் மல்லாவிக்குக் கொண்டுபோய் விற்பார். பாரம் ஏற்றினால் ஏறி ஓட முடியாது. உருட்டியே போக வேண்டும். வெறும் வண்டியாகத் திரும்பும் நாட்களில் என்னை ஓடவிட்டுப் பின்னால் இருந்து வருவார். அப்போது சொன்னவையே அவ்வசனங்கள். புத்தகச் சாக்கை இறக்கியவன் நான். அந்தப் புத்தகங்களைப் படித்தே பல்கலைக்கழகம் புகுந்தேன். பட்டதாரி என்று என் பெயருக்குப் பின்னால் இன்று எழுதும் இரண்டெழுத்தும் அந்த விறகின் விலை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

பிற்பகலிலே மெனொனைற் சமயத்தாரின் பண்ணைகளுக்கிடையே ஓடினோம். 1800ஆம் ஆண்டையொட்டிப் பென்சில்வேனியாவிலிருந்து வந்து குடியேறிய மக்கள். அவர்களில் பழைய முறைப் பிரிவினர் இன்றும் கார் வைத்திருப்பதில்லை. கறுப்புக் குதிரைவண்டி ஒன்று எங்களை எதிர்கொண்டு வந்தது. ஓட்டிவந்த பெரியவர் விரலொன்றை உயர்த்தி வணக்கம் சொன்னார். வேகத்தை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. கிரவலை விரும்பித் தேடும் உரிமை பெறாமகனுக்கு இருக்கிறது. எங்களுக்கு 1990களில் எரிபொருள் தடை இருந்தது. மூன்றும் ஒரே வேகத்தில்தான் போகின்றன, ஆனால் ஒன்றல்ல. இதை எண்ணியபோது எனக்கு ஒரு கசப்பு வந்தது என்றால் பொய்யில்லை. முன்னே போய்க்கொண்டிருந்த பிள்ளையின் முதுகைப் பார்த்தேன். இறக்கத்திலே இரு கைகளையும் தளர விட்டு, தலை நிமிர்த்தி, தூரப் பார்த்துக்கொண்டு போனான். வந்த கசப்பு அம்மேட்டோடு நின்றுவிட்டது.

மாலையிலே வெஸ்ற் மொன்றோஸ் என்ற ஊரை அடைந்தோம். அங்கே கிறாண்ட் ஆற்றின்மீது கூரையும் சுவரும் கொண்ட மரப்பாலம் ஒன்று இருக்கிறது. 1881இல் கட்டி முடித்தது. ஒன்ராறியோ மாகாணத்திலே அவ்வகையில் எஞ்சி நிற்கும் பழம்பாலம் அதுவொன்றே. பாலத்தடியிலே அண்ணனின் கார் நின்றது. அண்ணி கட்டிக் கொடுத்த புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு வந்திருந்தார். என் முழங்காலைப் பார்த்தார். "இறுக்கிப் பிடிச்சிருப்பாய்" என்றார். அவ்வளவுதான்.

பிறகு மகனுடைய வண்டியின் பின்ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். "காத்துக் காணாதடா."

"அப்படித்தான் இருக்கவேண்டும், அப்பா."

அண்ணன் வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்ல இறக்கினார். ஏறுவார் என்று பெறாமகன் எதிர்பார்த்தான், நானும் எதிர்பார்த்தேன். அவர் ஏறவில்லை. வண்டியை உருட்டிக்கொண்டு பாலத்தினுள்ளே நடந்தார். பலகைகள் கடகடத்தன. இடக்கை ஹாண்டிலில் இருந்தது. வலக்கையோ சீற்றுக்குப் பின்னால், அந்த வண்டியிலே இல்லாத கரியரின்மேல், இல்லாத விறகைத் தாங்கிப் பிடித்தபடியே போயிற்று.