எரேமியாவும் போனார்

வேதாகமத்தைத் தினசரி வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், எரேமியா ஒரு செங்குத்தான ஏற்றம் என்று. 52 அதிகாரங்கள். ஆதியாகமத்தில் உற்சாகமாகப் புறப்பட்டவர்களில் பாதிப்பேர் லேவியராகமத்திலேயே உட்கார்ந்து விடுவார்கள். அதைத் தாண்டி வந்தவர்களுக்கும் இங்கே மூச்சு வாங்கும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பல்லவி: சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை, ஆகையால் தேசத்தை விட்டுப் போவீர்கள்.

சின்ன வயதில் எனக்கு இது சலிப்பாகத்தான் இருந்தது. கீழ்ப்படியாதவனுக்குத் தண்டனை, கணக்கு சரி. நிஜமாகவே கணக்குத்தான். பாபிலோன் ராஜா மூன்று தடவையாகப் பிடித்துப் போனவர்களைக் கடைசி அதிகாரத்தில் எண்ணி எழுதியிருக்கிறது: 3,023, 832, 745. ஆக 4,600 பேர். இதில் ஒரு தப்பும் செய்யாதவர் ஒருவராவது இருந்திருப்பாரே என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை.

அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு, ராச் சாப்பாட்டுக்கு முன் இரண்டிரண்டு அதிகாரமாக நான்தான் வாசிப்பேன். ஊர் வீட்டை விற்காதே என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் விற்றேன். காரணங்கள் இருந்தன, இம்மாதிரிக் காரியங்களுக்குக் காரணம் கிடைக்காமலா போகும்? "வேண்டாம்ய்யா" என்று ஒரே ஒரு தடவை சொன்ன அம்மாவையும் பட்டணத்து மாடி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

35-ஆம் அதிகாரத்தில் ரேகாபியர் வருவார்கள். முப்பாட்டன் யோனதாப் சொன்ன ஒரே சொல்லுக்காகத் திராட்சரசம் தொடாமல், வீடு கட்டாமல், கூடாரத்திலேயே காலம் தள்ளியவர்கள். அன்றைக்குக் கொஞ்சம் வேகமாகவே வாசித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து 42, 43. எருசலேம் விழுந்து எரிந்தாயிற்று. எங்களோடு பாபிலோனுக்கு வருகிறீரா, இஷ்டப்பட்ட இடத்தில் இருக்கிறீரா என்று சேனாதிபதி கேட்க, எரேமியா தம் ஜனங்களோடு தங்கியிருக்கிறார். அப்புறம் பாபிலோன் வைத்த அதிபதி கெதலியாவை ஒரு கூட்டம் கொன்று விடுகிறது. மிஞ்சியவர்களுக்குப் பயம். எகிப்துக்கு ஓடலாமா, ஆண்டவரைக் கேட்டுச் சொல்லும், எதுவானாலும் நடக்கிறோம் என்கிறார்கள். 10 நாள் கழித்துப் பதில் வருகிறது: இங்கேயே இருங்கள். பொய் சொல்கிறீர் என்று அவர்மேலேயே பாய்ந்துவிட்டு மூட்டை கட்டுகிறார்கள். போனவர்கள் யார் யார் என்று வரிசை வருகிறது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், ராஜகுமாரத்திகள். கடைசியில் எரேமியா, அவருக்கு எழுதிக் கொடுத்த பாருக்.

போகாதீர்கள் என்றவரையும் சேர்த்தல்லவா கொண்டுபோய்விட்டார்கள்! எத்தனையோ தடவை வாசித்த இடந்தான். அன்றைக்குத்தான் நாக்கு புரளவில்லை.

"அவரு பொறவு ஊருக்குத் திரும்பினாராலே?" என்றாள் அம்மா.

"எழுதியில்லைம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

பக்கங்களைப் புரட்டினேன். இருக்காது என்று தெரிந்தும் புரட்டினேன்.

"இல்லைம்மா."

"கூட யாரு இருந்தா?"

"பாருக் இருந்தாரு."

"ஏடு எழுதினாரே, அவரா?"

"ஆமா."

"சரி, ஜெபம் பண்ணு. சோறு ஆறுது."

கண்ணை மூடினேன். வார்த்தை வரவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மாவே ஜெபம் செய்தாள்.