மூடி ப்ளூஸ் கேட்ட நாட்கள்

ஜனவரி 7, செவ்வாய்

மாமா அனுப்பிய பட்டியலில் முதலில் இருந்தது தி மூடி ப்ளூஸ் குழுவின் ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’. 1967 நவம்பரில் டெக்கா நிறுவனத்தின் டெராம் முத்திரையில் வெளிவந்தது. ‘நைட்ஸ் இன் வைட் சாட்டின்’ எனக்குப் பழகிய பாட்டு. அது ஒரு முழு ஆல்பத்தின் கடைசிப் பாட்டு என்பதும், விடியலில் தொடங்கி இரவில் முடியும் ஒரே நாள்தான் அந்த ஆல்பம் என்பதும் இன்றுதான் தெரிந்தது.

ஆரம்பத்தில் ஆறு நிமிடத்துக்குப் பாட்டே இல்லை. முழு ஆர்கெஸ்ட்ரா, கடைசியில் பேசுகுரலில் ஒரு கவிதை. அதன் பிறகு விடியல், காலை, மதிய இடைவேளை, பிற்பகல், அந்தி, இரவு. கடைசிப் பாட்டின் மெட்டை முதல் நிமிடங்களிலேயே ஆர்கெஸ்ட்ரா வாசித்துவிட்டிருக்கிறது! இரண்டாம் முறை கேட்டபோதுதான் காதில் பட்டது. இரவு வரப்போவதை விடியலுக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 8, புதன்

மாமா போனில். “ப்ரோக்ரெசிவ் ராக், ப்ராக் ராக்குன்னு நீங்கள்லாம் கொண்டாடுறீங்களே, அது இந்த ரெக்கார்டுலதான் ஆரம்பம். எழுதி வச்சுக்கோ.” எழுதி வைத்துவிட்டேன்.

அவர் சொல்வதில் கனம் இருக்கிறது. தனிப்பாட்டுகளைச் சேர்த்துக் கட்டிய ஆல்பம் இல்லை இது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே மௌனம் விடாமல் ஒரே இழையாக ஓடுகிறது. பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ அதே ஆண்டு ஜூனில்தான் கடைக்கு வந்திருந்தது.

பதிவு நடந்த கதையையும் சொன்னார். டெக்காவுக்குத் தன் புதிய ஸ்டீரியோ முறையை விற்கவேண்டும். த்வோர்ஷாக்கின் ‘நியூ வேர்ல்ட்’ சிம்பொனியை ராக்காக வாசிக்கச் சொன்னார்களாம். இவர்கள் சரி என்று உள்ளே போய்த் தங்கள் பாட்டுகளையே பதிந்து விட்டார்களாம். குழுவினர் பேட்டிகளில் சொல்லிவந்த கதை இது. ஒலிப்பொறியாளராக இருந்த டெரிக் வார்னல்ஸ் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. பக்கத்திலேயே இருந்தவர் பேச்சைத்தான் நான் நம்புவேன்.

ஜனவரி 10, வெள்ளி

தோழிக்குப் போட்டுக் காட்டினேன். சினிமாப் பதிவுகளில் வயலின் வாசிப்பவள். முதல் பத்து நிமிடத்திலேயே தீர்ப்புச் சொன்னாள்: “இதுல ராக் எங்கே இருக்கு? ரேடியோ லைட் மியூசிக் நடுவுல அங்கங்கே நாலு பாப் பாட்டு.”

கோபம் வந்தது. பதில் வரவில்லை. ஆர்கெஸ்ட்ராப் பகுதிகள் அவள் சொன்ன மாதிரிதான் இருக்கின்றன. எழுதி நடத்தியவர் பீட்டர் நைட். இனிமையான, அந்தக் காலத்து ஆங்கிலப் படங்களின் பின்னணி இசை போல வழுவழுப்பானவை. வாசித்தது ‘லண்டன் ஃபெஸ்டிவல் ஆர்கெஸ்ட்ரா’ என்று அட்டையில் போட்டிருக்கிறது. டெக்கா அமர்த்திய ஸ்டூடியோ வாத்தியக்காரர்களுக்கு வைத்த பெயர் அது.

“சரி, இந்த ஆர்கெஸ்ட்ராவும் குழுவும் சேர்ந்து வாசிக்கிற இடத்தைக் காட்டு” என்றாள். அந்தக் கேள்வியோடு விட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 11, சனி

மதியம் முழுக்க ஹெட்போன். அவள் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

ஏறக்குறைய எங்குமே அவர்கள் சேர்ந்து வாசிக்கவில்லை. குழு முதலில் பாட்டுகளைப் பதிந்து முடித்திருக்கிறது. அந்த நாடாவைக் கேட்டு நைட் இணைப்பிசை எழுதியிருக்கிறார். ஆர்கெஸ்ட்ரா பிறகு தனியாக வந்து வாசித்திருக்கிறது. இளையராஜா பாட்டில் வயலின் கூட்டமும் பேஸ் கிட்டாரும் ஒரே அடியில் ஒன்றையொன்று தூக்கிப் பிடிப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் பிரிவினை சட்டென்று உறைக்கிறது.

அப்படியானால் பாட்டுகளுக்குள் கேட்கும் தந்திகள் யாருடையவை? குழுவின் மைக் பிண்டர் வாசித்த மெல்லோட்ரான். இந்த ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா, அதில் உண்மையான வயலின்களின் ஒரே ஸ்வரம். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். எட்டு நொடிக்குள் நாடா தீர்ந்துவிடும், விரலை எடுத்தே ஆகவேண்டும். அதனால் எந்தக் கார்டும் நீளமாக நிற்க முடியாது. சுருதியும் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தில்தான் ‘நைட்ஸ்’ பாட்டின் ஏக்கம் இருக்கிறது. பிண்டர் இந்தக் கருவியைச் செய்த பர்மிங்காம் தொழிற்கூடத்திலேயே வேலை பார்த்தவர். அதன் குறைகள் எல்லாம் அவருக்குக் கைப்பழக்கம்.

‘நைட்ஸ்’ பாட்டில் இன்னொன்று. இ மைனர். இ-யை சட்ஜமாக வைத்துப் பார்த்தால், டி மேஜர் கார்டு வரும்போது சதுஸ்ருதி ரிஷபம் ஒலிக்கிறது. அடியின் முடிவில் எஃப் மேஜர் வந்து அதைச் சுத்த ரிஷபமாக இறக்கிவிட்டு வீடு திரும்புகிறது. ஜஸ்டின் ஹேவர்டு இதை எழுதியபோது அவருக்கு வயது 19. அந்த ஒரு இறக்கத்துக்காகவே திரும்பத் திரும்பப் போட்டேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

வீட்டில் ஒட்டடை வேலை. ‘பீக் அவர்’ மட்டும் கேட்டேன். ஜான் லாட்ஜ் எழுதியது, மதிய இடைவேளையின் பரபரப்பு. ராக் எங்கே என்று கேட்டவளுக்கு இதைத்தான் முதலில் போட்டிருக்கவேண்டும்.

ஜனவரி 16, வியாழன்

ஒப்பிட்டுப் பார்க்க டீப் பர்ப்பிளின் ‘கன்சர்ட்டோ ஃபார் குரூப் அண்ட் ஆர்கெஸ்ட்ரா’. 1969 செப்டம்பர் 24, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால், ராயல் ஃபில்ஹார்மோனிக், நடத்தியவர் மால்கம் ஆர்னால்டு. இயற்றியது ஜான் லார்ட். இங்கே இரண்டு தரப்பும் ஒரே மேடையில் மோதுகின்றன. ஆர்கெஸ்ட்ரா ஒரு வாதம் வைக்கிறது, கிட்டார் குறுக்கே பாய்கிறது. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன், சில இடங்களில் இருவரும் முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். ஆனாலும் ஆர்கெஸ்ட்ரா ராக் என்ற பெயர் இதற்குத்தான் பொருந்தும். மூடி ப்ளூஸ் ஆல்பத்துக்கு அந்தப் பெயரை நான் கொடுக்கமாட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

மாமா வீடு. வாதத்தை முன்வைத்தேன். “நீங்க சொன்ன முடிவு சரி மாமா, காரணம்தான் வேற. ப்ராக்குக்கு வழி காட்டினது பீட்டர் நைட்டோட ஆர்கெஸ்ட்ரா இல்ல, பிண்டரோட மெல்லோட்ரான்.”

சாட்சிகளும் வைத்தேன். கிங் கிரிம்சன் 1969-இல் தன் முதல் ஆல்பத்துக்கு எடுத்துக்கொண்டது மெல்லோட்ரானைத்தான். அதைவிடப் பெரிய சாட்சி மூடி ப்ளூஸ் குழுவே. 1968-இல் வந்த அடுத்த ஆல்பம் ‘இன் சர்ச் ஆஃப் தி லாஸ்ட் கார்டு’. அதில் ஆர்கெஸ்ட்ரா கிடையாது. செல்லோ, சித்தார் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தாங்களே வாசித்து, மீதியை மெல்லோட்ரானில் நிரப்பினார்கள். தங்களுக்கு எது தேவை என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

மாமா லேசில் விடவில்லை. “நைட்டோட இணைப்பிசைய எடுத்துட்டா அது ஒரு நாளா நிக்குமா? வெறும் பாட்டுதானே மிஞ்சும்?” இது நியாயமான அடி. முன்னுரையிலேயே இரவின் மெட்டை விதைத்தவர் அவர்தான். 1967-இல் தனி இசைத்தட்டாக பிரிட்டனில் 19-ஆம் இடத்தோடு நின்ற ‘நைட்ஸ்’, 1972-இல் அமெரிக்காவில் 2-ஆம் இடத்துக்கு ஏறியது. அப்போது பழைய ஆல்பத்தையும் 3-ஆம் இடத்துக்கு இழுத்துப் போனது. அந்த ரசிகர்கள் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்துத்தானே அதை வாங்கினார்கள்.

கடைசியில் நான் ‘மெல்லோட்ரான் பாட்டுத்தொடர்’ என்றேன். அவர் ‘முதல் ப்ராக் ஆல்பம்’ என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. 1964-இல் குழுவைத் தொடங்கிய ஐவரில் கடைசியாக இருந்த பிண்டர் 2024 ஏப்ரலில் போய்விட்டார் என்பதைச் சொன்னேன். மாமாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. “அப்ப இன்னொரு தடவை போடு, அந்தாளுக்காக” என்றார். அடுத்த வாரம் வயலின் தோழியையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். அவளிடம் நைட்டுக்காக வாதாடப் போகிறாராம்.