“இந்த மொய்யை ரோட்டுல செய் தம்பி!” - நடுவழியில் நின்ற பைக்கும் கீரமங்கலம் பூ மூட்டையும்

போனில் சார்ஜ் 92 சதவிகிதம். பைக்கில் பூஜ்ஜியம்!

கொத்தமங்கலத்தைத் தாண்டி கீரமங்கலம் போகும் சாலை. காலை ஆறரை மணி. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ‘டக்... டக்...’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. இன்ஜின் அசையவே இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் பூ என்றாலே நினைவுக்கு வரும் ஊர் கீரமங்கலம். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி என்று சுற்றுவட்டார கிராமங்களில் விளையும் பூக்கள் எல்லாம் இங்குள்ள கமிஷன் கடைகளுக்குத்தான் வந்து சேரும். மறுநாள் ஆவணி முகூர்த்தம். மார்க்கெட் களைகட்டும், வீடியோ எடுக்கலாம் என்று இருட்டோடு புதுக்கோட்டையிலிருந்து கிளம்பியிருந்தேன்.

வழியில் நின்றதுதான் தப்பு. சாலையோரம் வரிசையாக மொய் விருந்து ஃபிளெக்ஸ்கள். ஆடி, ஆவணி வந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி பக்கம் இந்த விருந்துகள் களைகட்டும். கறிச்சோறு போட்டு, வந்தவர்கள் செய்யும் மொய்யை நோட்டில் எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விருந்தில் திருப்பிச் செய்யும் வழக்கம். வட்டியில்லாத கடன் மாதிரி. அந்த ஃபிளெக்ஸ்களைப் படம் எடுத்தபடி அரை மணி நேரம் நின்றுவிட்டேன். சாவி ஆனிலேயே இருந்தது, ஏனென்றால் ஹேண்டில்பாரில் மாட்டிய சார்ஜரில் போன் ஏறிக்கொண்டிருந்தது. என் வண்டியில் சாவி போட்டாலே ஹெட்லைட்டும் எரியும்.

“மொத கியர்ல தள்ளாத தம்பி!”

கிக்கர் இல்லாத வண்டி. தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சினிமாவில் பார்த்த ஞாபகத்தில் முதல் கியரைப் போட்டு, தனியாகத் தள்ளிக்கொண்டு ஓடி, கிளட்ச்சை விட்டேன். பின்சக்கரம் அப்படியே இறுகி செம்மண்ணில் சறுக்கியது. நானும் வண்டியும் சேர்ந்து விழாதது புண்ணியம்.

அப்போதுதான் ஒரு பழைய எக்ஸ்.எல். வண்டி வந்து நின்றது. முன்னால் ஈரத்துணி சுற்றிய பூ மூட்டை. ஐம்பது வயது தாண்டிய விவசாயி. இறங்கியவர் நேராக என் வண்டி மீட்டரைத்தான் பார்த்தார்.

“லைட்டு எரியுதுல்ல? அப்ப உசுரு இருக்கு. மொத கியர்ல தள்ளாத தம்பி, சக்கரம் பூட்டிக்கும். ரெண்டாவது போடு. நீ ஏறி உக்காரு, நான் தள்ளுறேன்.”

“அண்ணே, உங்க பூவு...”

“அது போயிக்கும். ஏறு.”

சாவி ஆன், ஹேண்டிலில் இருக்கும் இன்ஜின் சுவிட்ச் ஆன், ஹெட்லைட் ‘டிம்’. இரண்டாவது கியரில் கிளட்ச்சை முழுதாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டி நல்ல வேகம் எடுத்ததும் சட்டென விட வேண்டும். இன்ஜின் பற்றிய நொடியே மறுபடி கிளட்ச்சைப் பிடித்து லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுக்க வேண்டும். கேட்க சுலபம். முதல் முறை சீக்கிரம் விட்டேன். இரண்டாவது முறை இன்ஜின் இருமிவிட்டு நின்றது. அவருக்கு மூச்சு வாங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்தவர், மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். வெயில் அதன் மீது விழ ஆரம்பித்திருந்தது. எக்ஸ்.எல்லை நகர்த்தி ஒரு தென்னை நிழலில் நிறுத்திவிட்டு வந்தார்.

“முல்லை மொட்டாப் போனாத்தான் வெல. விரிஞ்சிருச்சுன்னா கேக்க ஆளில்ல” என்றார். குரலில் கோபம் இல்லை, தகவல்தான்.

மூன்றாவது முறை வண்டி உறுமியது. “ஆஃப் பண்ணிராத, என் பின்னாடியே வா” என்று முன்னால் போனார். இருபது நிமிடம் போயிருந்தது.

320 ரூபாய்

மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. சாக்கு மூட்டைகள், தராசு, விலை கூவும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே முல்லை வாசம். அண்ணனின் பூ எட்டு கிலோ. எடை போட்டு முடித்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தேன். அரை மணி நேரம் முன்னால் வந்த முல்லைக்குக் கிலோவுக்கு 40 ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. வரத்து கூடக் கூட விலை இறங்கிவிட்டது.

எட்டைப் பெருக்கினால் 320 ரூபாய். விடியும் முன்னே ஹெட்லைட் கட்டிக்கொண்டு, முதுகு வளைத்துப் பறித்த கூலி. முகூர்த்தம், பொங்கல், ஆயுத பூஜை என்றால் விலை ஏறும். மற்ற நாள்களில் வாங்க ஆளில்லாமல் பூவைக் குப்பையில் கொட்டிய செய்திகளும் இதே ஊரிலிருந்து வந்திருக்கின்றன. விலை கிடைக்கும் நாளில் நான் குறுக்கே நின்றுவிட்டேன்.

பணத்தை நீட்டினேன். கையைத் தள்ளிவிட்டார்.

“ஃபிளெக்ஸ படம் புடிச்சியே, மொய்னா என்னன்னு தெரியுமில்ல? இத எனக்குத் திருப்பிச் செய்ய வேணாம். ரோட்டுல எவனாச்சும் நிப்பான், அவனுக்குச் செய்.”

டீ மட்டும் குடித்தார். அதற்கும் அவர்தான் காசு கொடுத்தார்.

மெக்கானிக் சொன்ன கணக்கு

மெக்கானிக் கடை திறக்க ஒன்பது மணி ஆகும் என்றார்கள். வண்டியை மார்க்கெட்டிலேயே விட்டுவிட்டு மெய்நின்றநாதர் கோயிலுக்கு நடந்தேன். இங்குள்ள 81 அடி உயரச் சிவன் சிலை தூரத்திலிருந்தே தெரிகிறது. எதிரே நக்கீரர் சிலை. நெற்றிக்கண்ணுக்கு முன்னாலும் ‘குற்றம் குற்றமே’ என்று நின்றவர். அன்றைக்கு என்னைப் பார்த்தும் அதையேதான் சொல்லியிருப்பார்.

மெக்கானிக் மீட்டரை வைத்துப் பார்த்தார். 11.4 வோல்ட். நல்ல பேட்டரி என்றால் வண்டி நிற்கும்போது 12.6 காட்ட வேண்டும்.

“போன் சார்ஜ் போட்டதால சாகலை. ஏற்கெனவே சாகக் கெடந்தது. எத்தனை வருஷம்?”

“நாலு...”

“காலையில ஸ்டார்ட் பண்றப்போ இழுத்து இழுத்து எடுத்துச்சா? ஹாரன் சத்தம் கம்மியா இருந்துச்சா?”

மூன்று வாரமாக! பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாதது. கார்புரேட்டர் இருந்த பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்தால் ஓடும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, பெரும்பாலான வண்டிகள் எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சுபவை. பெட்ரோல் பம்ப்புக்கும், அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கும் கரன்ட் வேண்டும். மீட்டரில் லைட்டே எரியவில்லை என்றால் எவ்வளவு தள்ளினாலும் பெரும்பாலும் வீண்தான்.

பழைய பேட்டரியைக் கழற்றியபடியே, 2018 நவம்பர் 16-ம் தேதி அடித்த கஜா புயலைப் பற்றிப் பேசினார். தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து, வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்த நாள்கள். “இதே மாதிரி பைக் பேட்டரியில வயர் போட்டுத்தான் தெருவுக்கே போன் சார்ஜ் ஏத்திக் கொடுத்தேன். அப்போ பேட்டரியோட அருமை எல்லாருக்கும் தெரிஞ்சுது” என்றார்.

புதிய பேட்டரியை மாட்டி, வண்டியை ஓடவிட்டு மறுபடி அளந்தார். 14.1. “ஓடுறப்போ 13.5-லேர்ந்து 14.5-க்குள்ள இருந்தா சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம். இதைப் பாக்காம புது பேட்டரி மட்டும் மாத்துனா, வேற கோளாறு இருந்தா அதுவும் செத்துரும்.”

நீங்கள் கிளம்பும் முன்...

* ஸ்டார்ட் ஆக இழுக்கிறதா, ஹாரன் கம்முகிறதா? நீண்ட பயணத்துக்கு முன்பே பேட்டரியைச் சோதித்துவிடுங்கள்.

* இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டு போன் சார்ஜ் போடாதீர்கள்.

* வண்டி நின்றால் பதறாமல் முதலில் இன்ஜின் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, ஃபியூஸ் மூன்றையும் பாருங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தாலும், நட் தளர்ந்திருந்தாலும் கரன்ட் வராது.

* கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கிக்கர் இருந்தால் அதுதான் வழி.

* இன்னொரு பைக்கின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வயர் கொடுக்கலாம். சிவப்பு வயர் பிளஸ்ஸுக்கும் பிளஸ்ஸுக்கும். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் மைனஸிலிருந்து, நின்ற வண்டியின் இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்து கொடுக்கவே கூடாது.

ஊர் திரும்பியதும் ஒரு ஜோடி ஜம்பர் வயர் வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். அதன் பிறகு சாலையில் வண்டியோடு யார் நின்றாலும் நிறுத்திக் கேட்கிறேன். “போன் பேசத்தான் நின்னேன் ப்ரோ” என்ற பதில்தான் இதுவரை கிடைத்திருக்கிறது.

கீரமங்கலம் மொய் இன்னும் பாக்கி!