இணையாத வன்தட்டு

காணாமற் போதல் வேறு. காணப்படாமல் இருத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையக்கூடிய தீங்கினைப் புத்தூரில் எங்கள் வீட்டுச் சேவையகம் எனக்கு உணர்த்திற்று.

வீட்டார் யாவரும் தத்தம் கணினியிலிருந்து எடுத்துப் பார்க்கத்தக்கவாறு கோப்புகளை ஓரிடத்தில் வைத்து வழங்கும் கணினியே சேவையகமாகும். எங்களுடையது லினக்ஸ் பணிசெயல் முறைமையில் இயங்குவது. அதன் இரண்டாவது வன்தட்டிலே காணி உறுதிகள், சாதகக் குறிப்புகள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள், பாட்டனாரின் கடிதங்கள் ஆகியவற்றின் படிமங்கள் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, எங்கள் வீட்டார் தகரப் பெட்டியொன்றிற் கொண்டுசென்று காத்தவை அவை. மூலங்களிற் பலவற்றைப் பின்னர் கறையான் அரித்துவிட்டமையால் படிமங்களே எஞ்சின.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய தடையொன்றின் பின் சேவையகம் மீண்டும் இயங்கியபோது அக்கோப்புறை வெறுமையாய்க் கிடந்தது. “எல்லாம் போட்டுதோ தம்பி?” என்று அம்மா கேட்டார். தட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பொருத்திப் பார்க்கலாம் என்றார் அயலவர் ஒருவர். லினக்ஸ் முறையில் ஒழுங்குசெய்யப்பட்ட தட்டினை வாசிக்க அறியாத கணினி, அதனைப் புதிதாய் வடிவமைக்கலாமா என்று வினவும். அதற்கு இசைதல், படிக்கத் தெரியாத ஏட்டை வெற்றேடென்று எண்ணி அழிப்பதற்கு ஒப்பாகும்.

லினக்ஸிலே தட்டு கணினியிற் பொருந்தியிருத்தல் மாத்திரம் போதாது. அது ஒரு கோப்புறையோடு இணைக்கப்படவும் வேண்டும். இணைப்பு நிகழாதவிடத்துத் தோன்றுவது வெறுங் கோப்புறையே; தட்டிலுள்ளவை தட்டிலேயே இருக்கும். அவ்வெறுங் கோப்புறையிற் புதியவற்றை இடுவதும் தகாது. அவை முதலாவது தட்டிற் சேர்ந்து, இணைப்பு மீண்டதும் மறைந்துவிடும். ஆதலின் எதனையும் எழுதாது தட்டுகளின் பட்டியலை வரவழைத்தேன். இரண்டாவது தட்டு தன் முழு அளவோடு அங்கே இருந்தது. மாறியிருந்தது அதன் பெயரே.

கணினி தட்டுகளைக் கண்டறியும் வரிசைப்படியே அவற்றுக்கு எழுத்துகளை இடுகின்றது. புதிதாய்ச் செருகப்பட்டிருந்த வெளித்தட்டு முந்திக்கொண்டமையால் பழைய தட்டின் எழுத்து அதற்குப் போயிற்று. இணைப்புப் பட்டியலோ பழைய எழுத்தையே நம்பியிருந்தது. எங்கள் காணி உறுதிகள் ‘தெருவில் மூன்றாவது வளவு’ என்று எழுதி அமைவதில்லை. ஒவ்வொரு காணிக்கும் உரிய பெயரையும் பரப்பையும் நான்கு எல்லைகளையும் கூறுகின்றன. அவ்வாறே, தட்டினை வடிவமைக்கும்போது அதற்கென வழங்கப்படும் தனி அடையாளம் ஒன்றுண்டு. அதனை யூயூஐடி என்பர். வரிசை மாறினும் அது மாறுவதில்லை.

முதலில் வாசிப்பதற்கு மாத்திரமாகத் தட்டை இணைத்து, யாவற்றையும் வெளித்தட்டிற் பிரதிசெய்தேன். பின்னர் இணைப்பை நீக்கிக் கோப்பு முறைமையைச் சோதித்தேன். ஈற்றில், எழுத்தை நீக்கி யூயூஐடியைப் பட்டியலிற் பதிந்தேன்.

ஆயினும் வன்தட்டும் ஒருநாள் பழுதடையும் பொருளே. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அவற்றோடு அழிந்த ஏட்டுச்சுவடிகளிற் சில வேறெங்கும் இல்லாதவை. 2005இல் நூலகம் எண்ணிம நூலகம் தொடங்கிய காலந்தொட்டு, ஈழத்து நூல்கள் பலவற்றின் பிரதிகள் ஓரிடத்தை மாத்திரம் நம்பியிராத நிலை ஏற்பட்டுள்ளது. வீட்டு ஆவணங்களுக்கும் அந்நெறியே பொருந்தும். இன்று எங்கள் தகரப்பெட்டிச் செல்வத்தின் ஒரு பிரதி கொழும்பிலும் மற்றொன்று கனடாவிலுள்ள தமக்கையாரிடமும் இருக்கின்றன. இணையாத தட்டினை ஆறுதலாக ஆராய்ந்து மீட்கலாம். ஒரேயொரு பிரதி அழிந்துவிடின் ஆராய்வதற்கே ஒன்றும் இராது.