செயற்றிட்டமும் தமிழ் வகுப்பும்

கல்லூரி அன்னைக்கு விழாவெடுக்கும் நன்னாளில் அவளிடம் கற்றோர் அளிக்கத்தக்க காணிக்கைகள் பல. தாம் செய்யுந் தொழிலிற் கண்டுணர்ந்ததொன்றைப் பின்வருவோர்க்காக எழுதிவைத்தலும் அவற்றுள் ஒன்றாகும். ஆதலின், இன்று பாடசாலைகள்தோறும் பேசப்படுவதும், பலராலும் வேறாக விளங்கிக்கொள்ளப்படுவதுமாகிய செயற்றிட்டம் என்பதையே இம்மலருக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டோம்.

செயற்றிட்டம் என்பது யாது? பாடநூலில் விடை எழுதப்படாத, ஆயினும் மாணாக்கர் தம் முயற்சியாற் காணத்தக்க வினாவொன்றை எடுத்தல்; அதன்பொருட்டுப் பல நாள் கூடியுழைத்தல்; கண்ட விடையைப் பிறர்க்குப் பயன்படும் வடிவில் ஆக்கி முடித்தல். இம்மூன்றும் அதன் உறுப்புகள். இவற்றுள் ஒன்று குறையினும் அது ஒப்படையாகலாம், செயற்றிட்டமாகாது.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க அறிஞர் ஜோன் டூயி 1896ஆம் ஆண்டிலே சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் தாம் நிறுவிய பள்ளியில், சமையலையும் நெசவையும் தச்சுவேலையையும் கல்விக்கு வாயிலாக்கினார். அவர் வழிவந்த கில்பாற்றிக் 1918இல் எழுதிய கட்டுரையே இம்முறைக்குப் பரப்புத் தந்தது. மாணவன் முழுமனத்தோடு தன் நோக்கமாகக் கொள்ளுஞ் செயலே கல்வி என்பது அவர் கொள்கை. 1937இல் வார்தாவிற் கூடிய மாநாட்டிலே காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை வகுத்தார். நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலே தொழின்முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. உழவும் மீன்பிடியும் மட்பாண்டத் தொழிலும் வகுப்பறைக்குள் வந்தன. ஆயின் 1977இல் ஆட்சி மாறியபின் அவை நிலைபெறவில்லை. தம் மக்கள் உத்தியோகத்துக்குப் படிக்கவேண்டியிருக்க மீண்டும் மண்வெட்டியையா பிடிப்பது என்ற பெற்றோரின் ஐயமும் அவற்றின் வீழ்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. 2007 முதல் வந்த தேர்ச்சிமையக் கலைத்திட்டம் மாணவனின் தேடலுக்கு மறுபடியும் இடங்கொடுத்தது.

இடங்கிடைத்தும் நடந்தது யாது? செயற்றிட்டம் என்றவுடன் பளபளக்கும் அட்டையும் வண்ணக் கோவையுமே மாணவன் நினைவுக்கு வருகின்றன. இணையத்திலிருந்து எடுத்த பக்கங்களைக் கடையில் அச்சிட்டுக் கட்டிக்கொண்டு வருகின்றான். நால்வர் பெயர் முகப்பில் இருக்கும், உழைத்தவன் ஒருவனே. சில வேளைகளில் அவ்வொருவனும் அவன் தமக்கையாராக இருப்பதுண்டு! ஆசிரியர் அலங்காரத்துக்குப் புள்ளியிடுகின்றார். அடுத்த ஆண்டு அக்கோவை கறையானுக்கு உணவாகின்றது. இதனைக் கண்டு செயற்றிட்டமே வீண் என்பார் உளர். வினாவே இல்லாத இடத்தில் விடை எங்ஙனம் பிறக்கும் என்பதே எமது மறுமொழி.

எனவே வினாவிலிருந்தே தொடங்கல் வேண்டும். தமிழ் வகுப்புக்குரிய வினா தூரத்திலில்லை. வீட்டுக் கிணற்றடியிலேயே இருக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணக்கற் பாறையிடையே தேங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதனை அளவறிந்து இறைத்தே நம் முன்னோர் புகையிலையும் வெங்காயமும் விளைவித்தனர். அவ்வுழைப்போடு ஒரு சொற்கூட்டமும் பிறந்தது: துலா, ஆடுகால், பட்டை, துரவு, கேணி, பூவல், ஆவுரோஞ்சிக்கல். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலா மறைந்தது; துலாவோடு சொல்லும் மறைந்துகொண்டிருக்கின்றது. "நம்மூர்க் கிணற்றோடு பிறந்த சொற்கள் எவை? அவற்றுள் இன்று வழங்குவன எவை?" என்னும் வினாவைப் பத்தாந் தரத்து மாணாக்கர் முன் வைத்தோம். வாரத்துக்கு இரண்டு பாடவேளையாக ஆறு வாரம் வகுத்தோம். தம் வீட்டிலும் அயலிலும் உள்ள முதியோரை வினவிச் சொற்களைத் திரட்டுதல், ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதுதல், அகரவரிசையில் ஒழுங்குபடுத்தி ஒரு சொற்கோவையாகக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்தல் என்பன வேலைகள்.

சொல்லைத் திரட்டல் எளிது, பொருளெழுதல் அரிது. "துலா என்பது கிணற்றில் நீர் இறைக்க உதவும் ஒரு பொருள்" என ஒரு குழுவினர் எழுதினர். "அது வாளிக்கும் பொருந்துமே!" என்றான் மற்றொரு குழுவினன். திருத்தி எழுதினர், அது கப்பிக்கும் பொருந்திற்று. நான்காம் முறையிலேதான், "ஆடுகாலின்மேல் அச்சிற் பொருந்தி, ஒரு முனையிற் கயிறும் பட்டையுந் தூங்க, மேலுங் கீழும் அசையும் நீண்ட மரம்" என்னும் வாக்கியம் பிறந்தது. வினையெச்சத்தின் பயனை இலக்கண நூல்கொண்டு யாம் பலமுறை விளக்கியதுண்டு. அன்று அதனை மாணாக்கர் தம் தேவையாகவே கண்டனர். துரவு என்பதைப் பெருங்கிணறு என்றார் ஒரு முதியவர். கட்டில்லாத நீர்க்குழி என்றார் வேறொருவர். எது சரியென மாணாக்கர் எம்மைக் கேட்டனர். விடையை யாம் கூறவில்லை. கூறினவர் ஊரைக் குறித்து இரு பொருளையும் எழுதுவதென அவர்களே முடிவு செய்தனர். அகராதி செய்வோர் கைக்கொள்ளும் நெறியும் அதுவேயன்றோ?

அவ்வகுப்பில் எழுத்தில் மிகப் பின்தங்கிய மாணவன் ஒருவன் இருந்தான். வாசிக்கச் சொன்னால் தலைகுனிவான். அவனுடைய பேரனார் இளமையிலே துலா மிதித்தவர் என்பது இவ்வேலை தொடங்கியபின்பே தெரியவந்தது. ஒருநாட் பிற்பகல் அவரை வகுப்புக்கு அழைத்து வந்தான். துலாவின்மேல் இருவர் முன்னும் பின்னும் நடப்பதும், கீழே ஒருவர் பட்டை பிடிப்பதும், தோட்டத்திலே ஒருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கட்டுவதுமாகிய தொழிலை அவர் கையசைவாலேயே காட்டினார். "பட்டை பிடிக்கிறவன்ரை கை பிழைச்சால், துலாவிலை நடக்கிறவன்ரை உயிர்தான் தம்பி" என்று அவர் கூறியபோது வகுப்பு அசையாதிருந்தது. அவ்வாக்கியத்தைச் செந்தமிழாக்கி எழுதுவதா, அவர் கூறியபடியே எழுதுவதா என்று பின்னர் நெடுநேரம் வாதம் நிகழ்ந்தது. "அப்பிடியே எழுதவேணும் சேர், அது அவற்றை கதை" என்றான் பேரன். வகுப்பிலே அவன் தானாக எழுந்து கூறிய முதல் வார்த்தை அதுவே. அவர் கூறியபடியே எழுதி, அதன்கீழ் எழுத்துவழக்கிற் பொருளும் எழுதினர். அம்முதியவர் இப்பொழுது இல்லை. நூலகத்திலுள்ள அச்சொற்கோவையில் அவர் குரல் ஒரு வாக்கியமாக இருக்கின்றது.

இவ்வேலை நம்மூர்க்குப் புதிதன்று என்பதையும் மாணாக்கர்க்கு எடுத்துரைத்தோம். மானிப்பாய் அகராதி எனப்படும் யாழ்ப்பாண அகராதி 1842இல் வெளிவந்தது. அதிலுள்ள சொற்கள் ஏறக்குறைய 58,500. 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோ அகராதிக்கு, யாழ்ப்பாணத்திலிருந்த நைற் பாதிரியார் முன்னரே திரட்டிய சொற்கள் அடித்தளமாயின. ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் தொடர்ந்து, பண்டிதர் பலர் துணைநின்று முடித்த அப்பெரும்பணிகளும் ஒருவகையிற் செயற்றிட்டங்களே. பின்வந்த வகுப்பு முன்வந்த வகுப்பின் சொற்கோவையிற் சேர்த்து எழுதுதல் வேண்டும் என்னும் விதியை அவற்றைக் கண்டே வகுத்தோம்.

இம்முறைக்குக் கூறப்படுந் தடைகள் சில உள. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வாயிலில் நிற்க இதற்கு நேரமேது என்பர் பெற்றோர். அவர் கவலை நியாயமானதே. ஆதலின் ஆண்டுக்கு ஒன்று போதும்; அதுவும் கட்டுரை, சுருக்கம், இலக்கணம் ஆகிய பாடப்பகுதிகளுக்குரிய பாடவேளையிலேயே அமைதல் வேண்டும். பொருள்விளக்கம் நான்குமுறை எழுதினவனுக்குக் கட்டுரைப் பயிற்சி குறைந்ததாகாது. ஒருவன் உழைக்க மூவர் பெயர் பெறுவர் என்பது இரண்டாவது தடை. ஒவ்வொரு மாணவனும் தனிக் குறிப்பேடு வைத்தல் வேண்டும். முடிவில் ஒவ்வொருவனையுந் தனித்தழைத்து, தன் குழுவின் சொற்களுள் எதனைக் கேட்பினும் விளக்கச் செய்தல் வேண்டும். கடையில் அச்சிட்டவன் அங்கே வாய்திறவான். மூன்றாவது, ஆசிரியர்க்கு வேலை குறையும் என்னும் எண்ணம். உண்மை இதற்கு மாறானது. எவ்வாறு வினவுவது, எவ்வாறு குறிப்பெடுப்பது என்பவற்றை முன்னரே கற்பித்தல் வேண்டும். ஒன்றுமறியாத மாணவனைத் தேடு என்று விடுதல் நீந்தத் தெரியாதவனைக் கேணியில் இறக்குதலை ஒக்கும். நேரே விளக்கிக் கற்பிக்கவேண்டியவற்றை நேரேதான் கற்பித்தல் வேண்டும். செயற்றிட்டம் பாடத்துக்கு மாற்றன்று. கற்றது பயன்படும் இடமே அது.

பழைய மாணவர் சங்கத்து அன்பர்க்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிக்குக் கட்டடமும் கணினியும் மைதானமும் தந்துவருகின்றீர்கள். அந்நன்றி என்றும் மறவோம். அவற்றோடு ஒரு பாடவேளையையும் தாருங்கள். உங்களுள் கமக்காரர் உளர். தச்சர், வைத்தியர், நாதசுரக் கலைஞர், கடலோடி உளர். ஒவ்வொருவரிடமும் எப்பாடநூலிலுங் காணாத சொற்கள் நூறு உண்டு. கடல்கடந்து வாழ்வோர் ஊருக்கு வரும்போது கல்லூரிப் படலையைத் திறந்து உள்ளே வாருங்கள். மாணாக்கர் குறிப்பேட்டோடு காத்திருப்பர். அவர் வினவுவனவற்றுக்கு விடையிறுங்கள். அடுத்த விழா வருமுன் அச்சொற்கோவை பன்மடங்கு பெருகுக! கல்லூரி அன்னை நீடு வாழ்க!